சிரியம் ஏன் துறைமுகமாக நீடிக்கவில்லை? பகோ ஆற்றுக்கரை ஊர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

யாங்கோனுக்கு நேர் எதிரே, பகோ ஆறு யாங்கோன் ஆற்றில் விழும் இடத்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது தன்லின். பர்மாத் தமிழர்களில் மூத்த தலைமுறைக்கு அது இன்றும் சிரியம்தான். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1756 வரை கீழ் பர்மாவின் முதன்மைத் துறைமுகம் அது. அதன் பிறகு எதிர்க்கரையின் ரங்கூன் (இன்றைய யாங்கோன்) எழுந்தது, சிரியம் சிற்றூராகச் சுருங்கியது. ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "ஆறு மண்மூடிப் போச்சு" என்பது. இந்தப் பதில் பாதிதான் சரி. வண்டல் கொன்றது ஆற்றின் மேலே இருந்த பகோ நகரத்தை. சிரியத்தைச் சாய்த்தது வேறு. 140 வருடம் கழித்து அதே கரையில் எண்ணெய்க் கப்பல்கள் வந்து கட்டின என்ற ஒன்றே இதற்குப் போதுமான சாட்சி. எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் நிலம். கீழ் பர்மா முழுக்க வண்டல் சமவெளி. மழைக்காலத்தில் எது வயல், எது ஆறு என்று பிரித்தறிய முடியாது. அதன் நடுவே பகோ யோமா மலைத்தொடரின் வால் நுனி போலச் செம்பூரான் கல் மேடு ஒன்று தெற்கே இறங்கி வருகிறது. யாங்கோனின் பெரிய பகோடாவான ஷ்வேடகோன் நிற்பது அதன் ஒரு திட்டில். சிரியமும் அதன் சைக்காவ் பகோடாவும் நிற்பது ஆற்றுக்கு இந்தப்புறம் உள்ள திட்டில். கோட்டை கட்ட வெள்ளம் ஏறாத மேடு, பக்கத்திலேயே கப்பல் நிற்கும் ஆழம், மேலே பகோ என்ற தலைநகரம். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்ததால்தான் சிரியம் துறைமுகமானது.

அடுத்து நீர். யாங்கோன் ஆறு வற்றாமல் ஓதத்தில், அதாவது கடல்நீரின் ஏற்ற வற்றத்தில், ஓடும் ஆறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். ஓட்டம் மணிக்கு நான்கு முதல் ஆறு கடல்மைல் வரை போகும். பகோ ஆறு, யாங்கோன் ஆறு, பசுன்டாங் ஓடை மூன்றும் சந்திக்கும் மங்கி பாயிண்டுக்கு அருகில் ஓட்டங்கள் ஒன்றையொன்று முட்டி வேகம் இழக்கின்றன. வேகம் இழந்த நீர் சுமந்து வந்த வண்டலைக் கீழே விடும். அப்படி உருவான திட்டுதான் ஆங்கிலேயர் காலத்திலிருந்து ஹேஸ்டிங்ஸ் திட்டு என்று வரைபடங்களில் இருப்பது. ரங்கூனுக்குப் போகும் பெரிய கப்பல் எதுவானாலும் ஓதம் ஏறும்வரை காத்திருந்துதான் அதைத் தாண்ட வேண்டும். இந்தத் திட்டு இந்த ஆய்வில் பின்னால் திரும்ப வரும்.

பகோவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1599இல் அந்த நகரம் சூறையாடப்பட்டது. பகோ ஆறும் அதன் கடல்வழியும் ஏற்கெனவே தூர்ந்துகொண்டிருந்தன. 1635இல் மன்னர் தாலுன் தலைநகரை மேலே ஆவாவுக்கு மாற்றினார். வண்டலால் செத்த துறைமுகம் என்றால் அது பகோ. சிரியம் அப்போதும் உயிரோடு இருந்தது.

பிரிட்டோவின் சுங்கம்

1599ஐ ஒட்டி, மேற்குக் கரையில் இருந்த அரக்கான் அரசின் மன்னரிடம் சேவகம் பார்த்த பிலிப் டி பிரிட்டோ என்ற போர்ச்சுகீசியர் சிரியத்தில் காலூன்றினார். முதலில் சுங்கச்சாவடி, அடுத்து அதற்குக் காவல் என்று ஒரு கோட்டை, அடுத்து அரக்கானுக்கே எதிராகக் கொடி. கோவாவுக்குப் போய் அங்கிருந்த போர்ச்சுகீசிய அரசின் ஆதரவையும் வாங்கி வந்தார். அவருடைய வருமானத்தின் வழி எளிமையானது. சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றி வரும் கப்பல் எந்தத் துறைக்குப் போக நினைத்தாலும் சிரியத்துக்கு வந்து வரி கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வராத கப்பலைப் போர்ப்படகு அனுப்பி இழுத்து வருவார்கள்.

இதில் சிரியத்தின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரிகின்றன. ஆற்றின் வாயைப் பிடித்தவன் நாட்டின் வரும்படியைப் பிடித்தான். அதனாலேயே உள்நாட்டில் எந்த அரசு வலுப்பெற்றாலும், முதல் வேலையாகச் சிரியத்தை முற்றுகையிடுவது கட்டாயமாகிவிட்டது. 1613இல் அனௌக்பெத்லுன் மன்னர் வந்தபோது பிரிட்டோவிடம் வெடிமருந்து தீர்ந்திருந்தது. மதிலுக்குள் பீரங்கி இருந்தும் சுட முடியவில்லை. கோட்டை விழுந்தது, பிரிட்டோ கழுவேற்றப்பட்டார். அவரோடு சேர்ந்திருந்த, தௌங்குவை ஆண்டவரும் கவிஞருமான நட்ஷின்னாங்கும் கொல்லப்பட்டார். அவருடைய சமாதி சைக்காவ் பகோடாவின் முன்னால் இருக்கிறது. இன்னொரு புலவரான படேத்தயாசாவின் சமாதி பக்கத்தில். பிடிபட்ட போர்ச்சுகீசியர்களை மேல் பர்மாவில் மூ ஆற்றுப் பக்கம் குடியேற்றினார்கள்; அவர்களுடைய சந்ததியினர் இன்றும் அங்கே கத்தோலிக்கக் கிராமங்களில் வாழ்கிறார்கள்.

மணி மூழ்கிய விதம்

பிரிட்டோவின் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் நின்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. இந்த ஆறு என்ன செய்யும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை.

1484இல் தம்மசேதி மன்னர் ஷ்வேடகோனுக்கு ஒரு மணி வார்த்துக் கொடுத்தார். மரபு சொல்லும் எடை 1,80,000 வீசை. பர்மா வீசை 1.63 கிலோ, ஆக ஏறக்குறைய 294 டன். உயரம் 12 முழம், வாய் அகலம் 8 முழம் என்பார்கள். 1583இல் அதைப் பார்த்த வெனிஸ் நகரத்து ரத்தின வணிகர் காஸ்பரோ பால்பி, மணி முழுக்க மேலிருந்து கீழ்வரை எழுத்து பொறித்திருந்ததாக எழுதியிருக்கிறார். 1608இல் பிரிட்டோ அதைக் கழற்றி, குன்றிலிருந்து உருட்டி, யானைகளை வைத்து பசுன்டாங் ஓடைக்கு இழுத்துவந்து தெப்பத்தில் ஏற்றினார். சிரியத்துக்குக் கொண்டுபோய் உருக்கிப் பீரங்கி வார்ப்பது திட்டம். தெப்பத்தைத் தன் கப்பலோடு கட்டி இழுத்தபோது, ஆறுகள் கூடும் இடத்தில் தெப்பம் பிய்ந்தது. மணி மூழ்கியது, கப்பலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அது ஏன் பிய்ந்தது என்று புரியும். நன்கு காய்ந்த தேக்கு ஒரு கன மீட்டர் சுமார் 650 கிலோ. மீதி 350 கிலோதான் அது தாங்கக்கூடிய சுமை. 294 டன்னைத் தாங்க 840 கன மீட்டர் மரம் வேண்டும். 8 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் குறுக்களவு என்று வைத்தால் ஏறக்குறைய 370 மரம். இது காய்ந்த தேக்குக்குத்தான். பச்சைத் தேக்கு மிதக்காது; அதனால்தான் பர்மாவில் மரத்தைச் சுற்றிப் பட்டையை வெட்டி, நின்றபடியே இரண்டு மூன்று வருடம் காயவிட்டு, பிறகு சாய்ப்பார்கள். அவசரத்தில் சேர்த்த மரத்தில் பச்சை கலந்திருந்தால் எண்ணிக்கை இன்னும் ஏறும்.

370 மரத்தையும் ஒரே வரிசையில் கட்டினால் அகலம் 220 மீட்டர், ஓடையில் நுழையாது. நான்கு அடுக்காகக் கட்டினால் அகலம் 55 மீட்டரைச் சுற்றி வரும், தெப்பத்தின் கனம் 2.4 மீட்டர். இப்போது உண்மையான சிக்கல் வருகிறது. மணியின் வாய் அகலம் சுமார் 4 மீட்டர்; அது உட்காரும் பரப்பு 12 அல்லது 13 சதுர மீட்டர். அந்தப் பரப்புக்கு நேர்கீழே உள்ள மரம் தாங்குவது 10 டன்னுக்கும் குறைவு. மீதி 280 டன்னுக்கு மேற்பட்ட சுமை பக்கத்து மரங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். போகும் வழி, குறுக்கே போட்ட உத்தரங்களும் கயிற்றுக் கட்டுகளும்தான். நடு அமுங்கும், ஓரம் எழும்பும். எழும்பும் ஓரத்தை ஒவ்வொரு கட்டும் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். அசையாத நீரில் கயிறு இதைத் தாங்கியிருக்கலாம். ஓடையைத் தாண்டி மூன்று நீர் கூடும் இடத்துக்கு வந்ததும் தெப்பத்தின் ஒரு பக்கத்தை ஓர் ஓட்டமும் மறுபக்கத்தை இன்னொன்றும் பிடித்துத் திருக்கியிருக்கும். ஒரு கட்டு அறுந்ததும் மற்றவையும் தொடர்ந்து அறுபடும் சூழ்நிலை அது. கப்பலோடு இறுக்கிக் கட்டியது கடைசித் தவறு: சுமை கைவிட்டுப் போகும்போது அறுத்துவிட வழியில்லாத கட்டு. பாரம் இழுப்பவர்கள் கோடாலியோடு ஒரு ஆளைக் கட்டுக்கு அருகில் நிறுத்துவது இதற்காகத்தான்.

இதற்கு எதிர்ப்பாடம் 1825இல் கிடைத்தது. முதல் ஆங்கில பர்மியப் போரில் ரங்கூனைப் பிடித்திருந்த ஆங்கிலேயர், 1779இல் சிங்கு மன்னர் வார்த்த மகாகந்த மணியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். எடை ஏறக்குறைய 23 டன். அதுவும் ஆற்றில் விழுந்தது. தூக்கப் பார்த்துத் தோற்றார்கள். "நாங்கள் எடுத்தால் எங்களுக்கே" என்று பர்மியர் கேட்டு, மணிக்கடியில் மூங்கில்களைக் கட்டி மிதக்க வைத்து எடுத்துவிட்டார்கள். அந்த மணி இன்று ஷ்வேடகோன் மேடையின் வடமேற்கில் தொங்குகிறது.

மூங்கில் எப்படிச் செய்தது? வெண்கலம் நீருக்குள் தன் எடையில் சுமார் ஒன்பதில் ஒரு பங்கை இழக்கும். 23 டன் மணி நீரில் 20 டன் சொச்சம். 6 மீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் கனமுள்ள காய்ந்த மூங்கில் ஒன்று தன் எடை போக 15, 16 கிலோ தூக்கும். ஆக 1,300 மூங்கில் அளவில் போதும். மூங்கிலின் கணுக்கள் ஒவ்வொன்றும் தனி அறை. ஒன்று பிளந்தாலும் மற்றதில் நீர் ஏறாது. கட்டுவதற்கு மூழ்கும் ஆட்கள் வற்றத்தில் இறங்க வேண்டும். பிறகு யாரும் தூக்க வேண்டியதில்லை, ஏறும் ஓதம் 5 மீட்டருக்குத் தூக்கிக் கொடுக்கும். வண்டலில் புதைந்த பொருளை வெடுக்கென்று இழுத்தால் சேறு உறிஞ்சிப் பிடிக்கும். மணிக்கணக்கில் மெல்ல ஏறும் ஓதம் அந்தப் பிடியை விடுவிக்கும். கப்பல் கட்டி உலகைச் சுற்றியவர்களைவிட இந்த ஆற்றோடு வாழ்ந்தவர்களுக்கு இந்த ஆறு தெரிந்திருந்தது. தம்மசேதி மணி கிடந்த இடத்தில் இதே முறை உதவாது. 260 டன்னுக்கு மூங்கில் பதினாறாயிரத்துக்கு மேல் வேண்டும், கட்டுவதற்கு அவ்வளவு விளிம்பும் மணியில் கிடையாது. 400 வருட வண்டல் அதன்மேல் இருக்கிறது. பின்னாட்களில் தேடிய முத்துக்குளிப்போரும் முக்குளிப்பு வல்லுநர்களும் கையைக் கண்முன் நீட்டினாலும் தெரியாத கலங்கலில்தான் துழாவினார்கள்.

பழவேற்காடு, சென்னை, புதுச்சேரி

பிரிட்டோ போன பிறகு சிரியம் சாகவில்லை. உண்மையில் அதன் நல்ல காலம் அப்போதுதான் தொடங்கியது. 1630களின் நடுவில் டச்சுக்காரர்கள் கடை போட்டார்கள். அவர்களுக்குச் சோழமண்டலத்தில் தலைமையிடம் பழவேற்காடு. தமிழ், தெலுங்கு நெசவாளர்களின் துணியும் சாய நூலும் அங்கிருந்து சிரியத்துக்கு ஏறின. திரும்பும்போது அரக்கு, தந்தம், தகரம், மாணிக்கம், பெரிய மெருகிட்ட மார்த்தபான் சாடிகள். 1680ஐ ஒட்டி டச்சுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். ஆங்கிலக் கம்பெனி சென்னைக் கோட்டையிலிருந்து 1647இல் வந்து பத்து வருடம் இருந்து போனது. பதினெட்டாம் நூற்றாண்டில் மீண்டும் வந்தது, இம்முறை கப்பல் கட்ட. தேக்கு இங்கே மலிவு, சென்னையில் கப்பலுக்குத் தேவை. பிரெஞ்சுக்காரர்களும் புதுச்சேரியிலிருந்து அதற்காகவே வந்தார்கள். அந்த நூறு வருடத்தில் சிரியத்துக்கு மிக நெருக்கமான ஊர் ஆவா அல்ல. எதிர்க்கடலில் இருந்த நம் கரைத் துறைமுகங்கள்தான்.

1740இல் கீழ் பர்மாவின் மோன் இனத்தவர்கள் பகோவில் மீண்டும் தனி அரசை நிறுவினார்கள். 1743இல் ஆங்கிலேயரின் கிடங்கு எரிந்தது. பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயின் காலத்தில் புதுச்சேரி மோன்கள் பக்கம் சாய்ந்து, புரூனோ என்ற அதிகாரியை அனுப்பியது. பர்மிய மன்னர் அலௌங்பயா வடக்கே ஷ்வேபோவிலிருந்து இறங்கி வந்து, 1755இல் ஷ்வேடகோன் அடியில் இருந்த டகோன் என்ற ஊரைப் பிடித்து யாங்கோன் என்று பெயரிட்டார். அங்கிருந்து ஆற்றுக்கு அப்பால் தெரிந்த சிரியத்தை முற்றுகையிட்டார். 1756 ஜூலையில் இரவுத் தாக்குதலில் கோட்டை விழுந்தது. புரூனோ கொல்லப்பட்டார். அவருக்கு உதவியாகப் புதுச்சேரியிலிருந்து ஆயுதம் ஏற்றி வந்த கலாத்தே என்ற கப்பல், ஊர் விழுந்தது தெரியாமல் ஆற்றில் ஏறி வந்து அப்படியே சிக்கியது. அதிலிருந்த பீரங்கிகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளும் பிடிபட்ட பிரெஞ்சுப் பீரங்கிக்காரர்களும் அலௌங்பயாவின் படைக்குப் போனார்கள்.

இனி நம் கேள்விக்கு வருவோம். அலௌங்பயா சிரியத்தைத் தன் துறைமுகமாக வைத்துக்கொண்டிருக்கலாம். வைக்கவில்லை. காரணம் ஆற்று வரைபடத்தில் இருக்கிறது. சிரியம் பார்ப்பது பகோ ஆற்றை. அதன் பின்னிலம், அதாவது அதற்குச் சரக்கு அனுப்பும் உள்நாடு, பகோ. 1757இல் பகோவும் அழிந்ததும் அந்த ஆறு எந்த அரசின் களஞ்சியத்துக்கும் போகாத வழியாகிவிட்டது. யாங்கோன் பார்ப்பது லைங் ஆற்றையும் ஐராவதியோடு சேரும் ஓடைகளையும். ஷ்வேபோவிலிருந்து ஆளும் மன்னருக்குத் தேக்கும் நெல்லும் வரியும் இறங்கி வரும் வழி அது. இரண்டு முறை எதிரியின் கோட்டையாக இருந்த ஊரை மறுபடியும் வலுப்படுத்தவும் எந்த மன்னருக்கும் மனம் வராது. சிரியத்திடமிருந்து துறைமுகத்தைப் பறித்தது வண்டலல்ல. அதன் பின்னிலம் செத்ததும், அது கோட்டையாக இருந்ததும்தான்.

1824இல் வந்த ஆங்கிலேயரும் அதே கணக்கைத்தான் பின்பற்றினார்கள். மே மாதம் ரங்கூனில் இறங்கி, ஆகஸ்டில் சிரியத்தின் பழைய கோட்டை மேட்டில் பர்மியர் போட்ட அரணைத் தாக்கி எடுத்தார்கள். அந்தப் போரில் சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்களின் பங்கு பெரிது. கடல் தாண்ட வங்காளச் சிப்பாய்கள் தயங்கிய காலம் அது. 1852 இரண்டாம் போருக்குப் பிறகு ரங்கூனைத் தலைநகராக்கித் தெருக்களைச் சதுரம் சதுரமாக வரைந்தார்கள். பிறகு சுமார் 35 கிலோமீட்டர் ட்வாண்டே கால்வாயை வெட்டி ஐராவதிக்கு நேர்வழி போட்டார்கள். அலௌங்பயா பார்த்து வைத்த அனுகூலம் அதோடு உறுதியானது.

எண்ணெய் வந்த கரை

சிரியத்தின் கரையில் ஆழம் எஞ்சியிருந்தது என்பதற்கு மறுக்க முடியாத சான்று 1897இல் வந்தது. பர்மா ஆயில் கம்பெனி தன் பெரிய சுத்திகரிப்பு ஆலையை இங்கே அமைத்தது. தேர்வுக்குக் காரணங்கள் தெளிவானவை: கப்பல் அணையும் கரை, வெள்ளம் ஏறாத மேட்டுநிலம், தீப்பிடித்தால் நகரத்துக்கும் ஆலைக்கும் நடுவே ஓர் ஆறு. கச்சா எண்ணெய் யேனாஞ்சாங் கிணறுகளிலிருந்து முதலில் ஐராவதியில் பார்ஜ் படகுகளில் வந்தது. கோடையில் ஐராவதி வற்றி மணல்திட்டு தலைகாட்டும்போது படகு தரைதட்டி நின்றுவிடும், ஆலை காத்துக்கிடக்கும். இதைத் தீர்க்க யேனாஞ்சாங்கிலிருந்து சிரியம் வரை 275 மைல் குழாய் போட்டு, 1909 வாக்கில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. பர்மா எண்ணெயில் மெழுகு மிகுதி. குளிர்ந்தால் கெட்டிப்படும் எண்ணெயைக் குழாயில் அனுப்புவதில் எப்போதும் கவனம் வேண்டும். ஓட்டம் நின்றால் மறுபடி நகர்த்துவது பெரும்பாடு. அதே மெழுகுதான் சிரியத்தில் மெழுகுவத்தியாகிக் கூடுதல் வருமானமும் ஆனது.

இங்கிருந்து போன மண்ணெண்ணெய் தமிழ்நாட்டு வீடுகளின் சிமினி விளக்கில் எரிந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுக் கொளுத்தியது இதே பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைத்தான். அந்த நிகழ்ச்சி தெரியாத தமிழர் இல்லை, ஆனால் அந்தத் தொட்டிகளுக்குப் பின்னால் இருந்த ஊர் எது என்று கேட்பவர் குறைவு. நான்கு காலன், ஏறக்குறைய 18 லிட்டர் பிடிக்கும் சதுரத் தகர டின்னில் மண்ணெண்ணெய் விற்கப்பட்டது. எண்ணெய் தீர்ந்ததும் மேல்தகட்டை வெட்டி, குறுக்கே ஒரு கட்டை அறைந்து, காவடித் தண்டின் இரு பக்கமும் மாட்டித் தண்ணீர் சுமந்தார்கள். விரித்துக் கூரைக்கும் அடித்தார்கள்.

ஆலையிலும் படகுத்துறையிலும் உழைத்தவர்களில் தெலுங்கரும் தமிழரும் ஏராளம். மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து அழைத்துவருவார். கப்பல் சீட்டும் வழிச்செலவும் கடனாக ஏறும். சம்பளம் மேஸ்திரி கைவழியாக வரும்போது கடனுக்கும் கமிஷனுக்கும் பிடித்தது போக மீதிதான் கூலியாளுக்கு. ஆலைக்கு வெளியே, சிரியம் அடங்கிய ஹந்தவாடி மாவட்டத்து நெல்வயல்களில், இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1930 விலைச் சரிவில் நெல் விலை விழுந்து, அடமான நிலங்கள் கடன் கொடுத்திருந்த செட்டியார்களிடம் வந்து சேர்ந்தன. 1930இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம் 1938இல் 25 சதவீதம். கொடுத்தவர் கேட்டு வாங்கியதல்ல அந்த நிலம். பணமாகத் திரும்ப வராததால் வந்தது. இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த வேறுபாட்டால் எந்தப் பயனும் இல்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1942 மார்ச் 7, ஜப்பானியர் ரங்கூனில் நுழைவதற்கு முந்தைய நாள், ஆங்கிலேயர் தாங்களே சிரியம் ஆலையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும் தமு வழியாகவும் நடந்தே ஊர் திரும்பினார்கள். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே எடுக்கப்படவில்லை. போருக்குப் பிறகு ஆலை மீண்டும் கட்டப்பட்டது. 1963இல் கம்பெனி தேசியமயமானது. அடுத்த வருடம் கடைகளும் அரசுடைமையாக, பலர் சென்னைக்குக் கப்பலேறினார்கள். தங்கியவர்களின் பிள்ளைகள் இன்றும் சிரியம் வட்டாரக் கிராமங்களில் இருக்கிறார்கள். பீலிக்கான் அங்காள பரமேஸ்வரி முனீஸ்வரர் கோயில் தீமிதிக்கு யாங்கோன் தமிழர்கள் திரண்டு இந்தப் பக்கம்தான் வருகிறார்கள், பர்மியரும் சேர்ந்து நேர்ந்துகொள்கிறார்கள்.

துறைமுகமும் கடைசியில் இந்தக் கரைக்குத் திரும்பிவிட்டது. சிரியத்துக்குத் தெற்கே திலாவாவில் 1990களில் கண்டெய்னர் முனையம் வந்தது, பிறகு சிறப்புப் பொருளாதார மண்டலம். காரணம் மறுபடியும் ஹேஸ்டிங்ஸ் திட்டு: திலாவா அதற்குக் கீழே, கடல் பக்கம் இருப்பதால் அங்கே போகும் கப்பல் உள்திட்டைத் தாண்ட வேண்டியதில்லை. சரக்கு இப்போது ஓடையில் வருவதில்லை, லாரியில் வருகிறது. எனவே 1756இல் சிரியத்துக்கு எதிராக இருந்த பின்னிலக் கணக்கு செல்லாமல் போனது. ஆழக் கணக்கு மட்டும் நின்றது.

போய்ப் பார்ப்பவர்களுக்கு

1993இல் திறந்த, சாலையும் ரயிலும் சேர்ந்த பாலம் ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். அதற்கு முன் படகுதான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போவது நல்லது. காலையில் சைக்காவ் பகோடா மேட்டில் ஏறினால் ஆறு, வயல், எதிரே ஷ்வேடகோன் மூன்றும் ஒரே பார்வையில் விழும். மேலே சொன்ன நில அமைப்பை வரைபடம் இல்லாமலே புரிந்துகொள்ள அந்த இடம் போதும். அடுத்து சௌத்தான். அங்கே ஓடை நடுவில் கல்திட்டில் நிற்கும் யேலே பகோடாவுக்குப் படகில் போக வேண்டும். பொரி போட்டால் கெளுத்தி மீன்கள் கூட்டமாக மேலே வரும். ஓதம் ஏறும் நேரத்தில் போனால் படித்துறையில் சேறு மிதிக்க வேண்டியிருக்காது.

போர்ச்சுகீசியக் கோயில் என்று ஊரார் சொல்லும் இடிபாட்டுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பெயர் அப்படியே தவிர அது பிரிட்டோ கட்டியதல்ல. இத்தாலியப் பர்னபைத் துறவிகள் 1750ஐ ஒட்டி எழுப்பியது. அதைக் கட்டிய நெரினி பாதிரியார் 1756 முற்றுகையில் கொல்லப்பட்டார். கூரை இல்லை. செங்கல் சுவரும் வளைவு வைத்த வாசலும் நிற்கின்றன. பூச்சு உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்புச் சாந்து வெளியே தெரியும். நகத்தால் கீறினால் பொடியாகும் அளவுக்கு அது மிருதுவானது. அந்த மிருதுத்தன்மையால்தான் சுவர் இவ்வளவு மழைக்காலம் தாங்கியது. உள்ளே போன ஈரம் சாந்து வழியாக வெளியேறுகிறது, செங்கல் பிழைக்கிறது.

இப்படிப்பட்ட சுவரில் சிமெண்ட் பூசுவதுதான் மிகப் பெரிய கெடுதல். சிமெண்ட் ஈரத்தை உள்ளே பூட்டும். பூட்டிய ஈரம் செங்கல் வழியாகக் கசிந்து உப்பாகப் பூத்து, செங்கலின் முகத்தையே செதில் செதிலாக உரிக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற பழைய சாந்தே வேண்டும், அதுவும் மழை விட்ட பிறகு, வெயில் நேரடியாகப் படாமல் ஈரச்சாக்குப் போட்டு மெதுவாகக் காயவிட வேண்டும். சுவரில் முளைக்கும் அரசு, ஆல் கன்றுகளைப் பிடுங்கக் கூடாது; பிடுங்கினால் வேரோடு செங்கலும் வரும். சுவரை ஒட்டி வெட்டி, வேர் உள்ளேயே பட்டுப்போக விட்டு, பிறகு இடுக்கில் சாந்து அடைக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால், மே மாதத்துக்குள், சுவர் உச்சியில் ஏறி இந்த ஒரு வேலையைச் செய்தால் போதும். உச்சியில் நீர் தேங்கும் குழிகளைச் சாந்து வைத்துச் சரிவாக்குவதும் அதே நாளில் முடிந்துவிடும்.